மறதி ஒருவருக்கு, பாரம் யாருக்கு?



முதுமையில் அறிவு தடுமாறியவரை 'அறளை பெயர்ந்தவர்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பரிவும் ஏளனமும் பாதிப் பாதி கலந்த சொல் அது. "வயதானால் அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டு வீட்டு ஆண்கள் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். புறப்பட முடியாமல் அந்த வீட்டிலேயே நிற்பவர் ஒருவர் உண்டு. அவர் மனைவியாகவோ மகளாகவோ, பெரும்பாலும் மருமகளாகவோ இருப்பார். மறதி நோயைப் பற்றிய கட்டுரைகளில் நோயாளியின் மூளையைப் பற்றி நிறையப் படிக்கிறோம். இந்தப் பெண்ணின் முதுகுவலியைப் பற்றி ஒரு வரியும் காண்பதில்லை. ஆகவே அவரை முன்னிறுத்தி இதனை எழுத முற்படுகிறேன்.

இது எங்கோ மேல்நாட்டார்க்கு வரும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் 1990-களில் மருத்துவர் எஸ். ராஜ்குமார் குழுவினர் நடத்திய ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் 3.5 சதவீதத்தினருக்கு இந்நோய் இருக்கக் கண்டார்கள். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று அதே வயதினரில் 7.4 சதவீதம் என்றும், நாடு முழுவதும் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என்றும் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் மிகுதி என்றும் அது கூறிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இத்தகையோரைப் பராமரிக்கும் குடும்பத்தார் அதற்கென்றே நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் செலவிடுகிறார்கள். பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைத் தருபவர்கள் பெண்கள். சராசரி என்பதால் 5. நோய் முற்றிய வீட்டில் இரவு ஏது, பகல் ஏது? 1981-இல் அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் ஆகிய இருவர் பராமரிப்போருக்காக எழுதிய நூலுக்கு '36 மணி நேர நாள்' என்று பொருள்படும் பெயரை இட்டதன் காரணம் விளங்குகிறதல்லவா?

முதல் நோயாளியின் கணவர்

இந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அதற்குத் தம் பெயரைத் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியைச் சோதித்தார். பெயர் என்னவென்று கேட்டதற்குத் தம் பெயரைச் சொன்னார் அந்த அம்மையார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார். இதை எல்லா நூல்களும் எழுதுகின்றன. எழுதாமல் விடுவது அந்தக் கணவரின் கதையை. அவர் இரயில்வேயில் எழுத்தராக இருந்த சாதாரண ஊழியர். மனைவியிடம் முதலில் தோன்றிய மாற்றம், கணவர் மீது கொண்ட காரணமற்ற சந்தேகம். அதைத் தாங்கி, வீடு சீர்குலைவதைத் தாங்கி, வேறு வழியின்றி மருத்துவமனையில் சேர்த்த பிறகு, அதன் கட்டணத்தைக் கட்ட இயலாமல், செலவு குறைந்த வேறிடத்துக்கு மாற்றும்படி கேட்டார். 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். நோயின் வரலாறு எழுதப்பட்ட முதல் நாளிலேயே பராமரிப்பவரின் மனவேதனையும் பணக்கஷ்டமும் உடன் இருந்தன என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

ஒரே பெயர், வெவ்வேறு சோதனைகள்

'டிமென்ஷியா' என்று மருத்துவர்கள் சொல்வது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் விளைவிக்கும் ஒரு நிலையின் பெயர். ஒவ்வொன்றும் வீட்டாரை ஒவ்வொரு விதமாக வருத்துகிறது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் "என் மாமியாரையும் நான் பார்த்தேனே, நீ மட்டும் ஏன் அலுத்துக்கொள்கிறாய்?" என்று ஒரு பெண் மற்றொரு பெண்ணைக் கேட்டுவிடுகிறார்.

அல்சைமரில் அண்மைக்கால நினைவு முதலில் அழிகிறது. பழைய நினைவு நிற்கிறது. காலையில் உண்ட பசியாறலை மறந்துவிட்ட மூதாட்டி, தம் நிகாஹ் நடந்த நாளை நேற்று நடந்ததுபோல் விவரிப்பார். சிறுவயதில் ஓதி மனனம் செய்த சூராக்கள் கடைசி வரை நாவில் நிற்பதையும் காணலாம். விளைவு என்ன? சோறு போட்ட கை ஈரம் உலருமுன், வாசலில் வருவோர் போவோரிடம், "மருமக எனக்குச் சோறே போடலை" என்பார். நகையைத் தாமே எங்கோ ஒளித்துவைத்து, இடத்தை மறந்து, "திருட்டுப் போய்விட்டது" என்பார். வீட்டில் எப்போதும் இருப்பவள் மீதுதானே பழி விழும்? மஃரிபு நேரம் நெருங்கும்போது அமைதியின்மை கூடும். தாம் இருக்கும் வீட்டிலிருந்தே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பது சிறிய துன்பந்தான். ஆனால் நாற்பத்தொன்றாம் முறைக்கும் அதே முகத்துடன் பதில் சொல்ல வேண்டியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரத்தக் குழாய் அடைப்பால் வருவது மற்றொரு வகை. நீண்டகால இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை மூளையின் குழாய்களைக் கெடுக்க, பக்கவாதங்களுக்குப் பின் அறிவு படிப்படியாக இறங்குகிறது. சில மாதங்கள் ஒரே நிலையில் நிற்கும். திடீரென ஒரு படி இறங்கும். காரணமின்றி அழுகையும் வரும். இங்கே பாரம் பெரும்பாலும் உடலுக்கு. கை கால் விழுந்தவரைத் தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், கழுவ வேண்டும். அந்த வீட்டுப் பெண்ணின் இடுப்பு எலும்பு தேய்வதை யாரும் நோயாகக் கணக்கில் கொள்வதில்லை. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டால் பெருமளவு தடுக்கக்கூடிய வகையும் இதுதான்.

மூன்றாவது வகைதான் நம் சமுதாயத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஃபிரெட்ரிக் லூயி என்பவர் 1912-இல் மூளை உயிரணுக்களில் கண்ட நுண்ணிய படிவங்களின் பெயரால் 'லூயி படிவ மறதி நோய்' என்கிறார்கள். அதனை ஒரு தனி நோயாக உலகம் அறிந்துகொள்ள, ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா 1976-இல் தொடங்கிய எழுத்துகள் வழிவகுத்தன. இந்நோயாளிக்கு இல்லாத உருவங்கள் கண்ணெதிரே தெளிவாகத் தெரியும். மூலையில் சிறுபிள்ளைகள் விளையாடுவார்கள், கட்டிலருகே யாரோ நிற்பார், பூனை ஓடும். உறக்கத்தில் கனவு கண்டபடியே கையை வீசுவார், உதைப்பார், கத்துவார். நடை குறுகும், உடல் விறைக்கும். இத்தனைக்கும் நடுவே, நேற்று முழுவதும் குழம்பிக் கிடந்தவர் இன்று காலை தெளிவாகக் கணக்கு வழக்குப் பேசுவார். "பார், நன்றாகத்தானே இருக்கிறார்! நடிக்கிறார்!" என்பார் ஒருவர். "வீட்டில் ஏதோ இருக்கிறது" என்பார் மற்றொருவர்.

ஜின்களின் இருப்பை நம்புகிறவன் நான். அதை மத்ரஸாவில் கற்பிக்கிறவனும்கூட. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நோயை விட்டுவிடுவது மார்க்கமன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, தாயத்துக்கும் தண்ணீர் ஓதலுக்கும் இரண்டாண்டைச் செலவிட்டுவிட்டு மருத்துவரிடம் போகும் குடும்பங்களை என்னென்பது? ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். அங்கே ஒரு செய்தியை மறவாமல் சொல்லுங்கள்: உருவங்கள் தெரிவதையும், உடல் விறைப்பதையும், நிலை மாறி மாறி வருவதையும். ஹாலோபெரிடால் போன்ற, மனக்குழப்பத்தை அடக்கும் சில மருந்துகள் இந்த வகை நோயாளிக்குக் கடுமையான தீங்கு விளைவிக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நடந்ததை அவரிடம் சொல்லக் கூடியவர், விழித்திருந்த நீங்கள் மட்டுமே.

நான்காவது வகையில் மூளையின் நெற்றிப்பகுதியும் பக்கப்பகுதியும் பழுதாகின்றன. பிராகு நகரின் ஆர்னால்டு பிக் 1892-இலேயே இத்தகைய நோயாளியைப் பற்றி எழுதினார். இது 45 முதல் 65 வயதுக்குள்ளேயே பலரைத் தாக்குகிறது. தொடக்கத்தில் மறதி இராது, குணம் மாறும். கண்ணியமாக வாழ்ந்தவர் நாலு பேர் நடுவே கூசாமல் பேசுவார். மனைவி நோயுற்றாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். இனிப்பை அள்ளி அள்ளி உண்பார். பணத்தை விரயம் செய்வார், கேட்டவருக்குக் கையெழுத்திடுவார். ஊரார் இதை நோயென்று எண்ணுவதில்லை. "புத்தி கெட்டுப் போச்சு" என்பார்கள். மனைவிக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது, பிள்ளைகள் படிப்பை முடிக்கவில்லை, குமரொன்று வீட்டிலிருக்கிறது, சம்பாதித்தவரோ நோயாளி. வெட்கத்தால் தாய்வீட்டிலும் சொல்வதில்லை. அல்சைமர் நோயாளிகளின் குடும்பத்தாரைவிட, மூன்றாவது நான்காவது வகை நோயாளிகளின் குடும்பத்தாரே அதிகம் நொறுங்கிப் போவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

காரைக்குடி வீடுகள்

எங்கள் செட்டிநாட்டுப் பகுதியின் பழைய வீடுகளை வெளியூர் அன்பர்கள் வியந்து பார்க்கிறார்கள். மறதி நோயாளியைப் பராமரிப்பவரின் கண்ணால் அவற்றை ஒருமுறை பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீட்டில், அடுப்படியில் நிற்கும் ஒரு பெண் இரண்டு வாசல்களை எப்படிக் காவல் காப்பார்? அறைக்கறை உயர்ந்த நிலைப்படி. முற்றத்தில் இறங்கும் படிகள். ஆத்தங்குடிக் கற்களின் பூவேலைப்பாடு நமக்கு அழகு. பார்வைக் கணிப்புக் குலைந்த நோயாளிக்கோ, கரிய கட்டம் குழியாகத் தெரிகிறது, பளபளப்பு நீராகத் தெரிகிறது. கால் வைக்க அஞ்சி நின்றுவிடுகிறார். ஆளுயரக் கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தை யாரோ அந்நியர் என்று எண்ணிச் சண்டையிடுகிறார். சிறு வீட்டில் வாழும் நம்மவர்க்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் ஒரு கூச்சலையும் மறைக்க முடியாது. நடைபாதையில் கண்ணாடியைத் துணியால் மூடுவது, பின்வாசலுக்கு நோயாளியின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பது, இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கை எரியவிடுவது ஆகியவை ஆசாரியைக் கொண்டு ஒரு நாளில் முடியும் வேலைகள்.

வீடு பெரிதோ சிறிதோ, அதில் ஆள் இல்லை என்பதே மெய்யான குறை. பர்மாவும் மலேயாவும் இலங்கையும் அன்று; வளைகுடாவும் சிங்கப்பூரும் பின்னர். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் கடந்து பொருள் தேடும் மண் இது. மகன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறார். மகனின் குரலைக் கேட்டதும் தாய் பத்து நிமிடம் தெளிவாகப் பேசிவிடுகிறார். இந்நோயில் இது மிகச் சாதாரணம். "உம்மா நல்லாத்தானே பேசுது, நீதான் பெரிசு பண்ணுறே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மகன் தொலைபேசியை வைத்துவிடுகிறார். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் நடப்பது அவருக்குத் தெரிவதேயில்லை.

பழி யார் மீது?

லாரன்ஸ் கோஹென் என்ற மானுடவியல் அறிஞர் காசி நகரில் முதியோரிடையே ஆய்வு செய்து 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். முதியவர் நிலை குலைந்தால் நம் நாட்டில் மூளையை யாரும் குறைகூறுவதில்லை, குடும்பத்தையே குறைகூறுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பிள்ளைகள் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்ற பேச்சு காசியில் மட்டுமா கேட்கிறது? கேரளத்தின் திருச்சூரில் மருத்துவர் கே. எஸ். ஷாஜி குழுவினர் பராமரிப்போரை நேரில் கண்டு பேசி 2003-இல் வெளியிட்ட ஆய்விலும், அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் மருமகள்கள் எனக் கண்டார்கள். நோயின் குணங்களை வேண்டுமென்றே செய்யும் குறும்பாகக் குடும்பத்தார் கருதுவதையும் பதிவு செய்தார்கள். வேண்டுமென்று செய்கிறார் என்று எண்ணும்போதுதான் கோபம் வருகிறது. கோபம் வந்தபின் குற்ற உணர்ச்சி வருகிறது. இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணின் உறக்கத்தைத் தின்கின்றன.

இங்கே மார்க்கத்தின் பெயரால் ஒரு தவறான தராசு பிடிக்கப்படுவதையும் சொல்லியாக வேண்டும். முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லக் கூடாது என்ற பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் கட்டளையை (17:23) மருமகளை நோக்கியே ஓதிக்காட்டுகிறார்கள். அக்கட்டளை யாருக்கு? பெற்ற பிள்ளைகளுக்கு. கணவரின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மனைவி மீது சட்டப்படியான கடமை இல்லை என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் விளக்கம். அவர் செய்வது உபகாரம். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. உபகாரத்தைக் கடனைப்போல் வட்டி போட்டு வசூலிக்கும் குடும்பங்கள், மகனின் கடமையையும் மகளின் கடமையையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பணம் அனுப்புவதால் மகனின் கடமை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை.

அறிந்திருந்தபின் ஒன்றும் அறியாதாராகும் தள்ளாத வயதுவரை சிலர் கொண்டுசெல்லப்படுவதைத் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் (16:70, 22:5) குறிப்பிடுகிறது. அந்நிலையை அடைந்தவரை ஒளூச் செய்யவும் ரக்அத்தை எண்ணவும் வற்புறுத்தி, அழுகையும் அடிதடியுமாகப் போராடும் வீடுகள் உள்ளன. அறிவு நீங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு கிடையாது. தாமாக முஸல்லாவில் நின்றால் நிற்கட்டும். மூன்று முறை லுஹர் தொழுதாலும் தடுக்க வேண்டாம். தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருபவரின் நிலையை உள்ளூர் ஆலிமிடம் விவரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய பொருளுக்கு ஜகாத் உண்டா என்பதில் மட்டும் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் வேறுபடுகிறார்கள். பொறுப்பாளர் அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கடமையில்லை என்பது ஹனஃபி மத்ஹபு.

கையெழுத்து இருக்கும்போதே

அறிவு நீங்கியவர் செய்யும் விற்பனையும் நன்கொடையும் ஷரீஅத்தில் செல்லாதவை. நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. பலரும் அறியாத ஒரு செய்தி: முன்பே எழுதி வாங்கிய அதிகாரப் பத்திரமும், எழுதிக் கொடுத்தவர் அறிவை இழந்தால் அச்சட்டப்படி முடிவுக்கு வந்துவிடும். ஆகவே நோய் தொடக்கத்தில் இருக்கும்போதே, அவருக்குத் தெளிவுள்ள நாளில், பிள்ளைகள் அனைவரையும் வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதும், கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதும், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும் நலம். முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் அல்சைமரால் தம்மை மறந்தபின், அவரை யார் பராமரிப்பது என்று மனைவியும் உடன்பிறந்தோரும் 2010-இல் டில்லி உயர் நீதிமன்றம்வரை சென்றார்கள். அமைச்சர் வீட்டிலேயே அப்படியென்றால், அரை ஏக்கர் நிலம் உள்ள வீட்டில் என்ன நடக்கும்?

எங்கே போவது?

முதலில் மருத்துவரிடம். தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுக் கட்டிய இரத்தம் ஆகியவையும் மறதியைப் போலவே தோன்றும். இவை மருத்துவத்தால் சீராகக்கூடியவை. சோதிக்காமலே "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஓரமாக உட்காரவைத்தால் அது அநியாயம். உண்மையான டிமென்ஷியாவாக இருந்தால், டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மாத்திரைகள் சில வகைகளில் குணங்களைச் சற்றுத் தணிக்கும்; நோயை நீக்கா. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2012 முதல் இயங்கிவருகிறது. படுத்த படுக்கையானோர்க்கு வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கப்பட்டது. முதியோருக்கான 14567 என்ற இலவசத் தொலைபேசியும், இரவும் பகலும் இயங்கும் மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணும் தமிழில் பேசும். இரண்டாவது எண் நோயாளிக்கு மட்டுமானதன்று. அவரைப் பார்த்துக்கொள்பவர் தம் மனச்சுமையைச் சொல்வதற்காகவும் அழைக்கலாம்.

மறதி நோயாளிக்கென்றே பகல்நேரப் பராமரிப்பு இல்லங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் உள்ளன. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும், கொச்சியில் மருத்துவர் ஜேக்கப் ராய் 1992-இல் தொடங்கிய அகில இந்திய அல்சைமர் சங்கமும் இத்துறையில் முன்னோடிகள். இவை நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கோவாவில் ஒரு சான்று உண்டு. அங்கே மருத்துவர் அமித் டயஸ் குழுவினர், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மறதி நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் நோயை விளக்கினார்கள், பராமரிப்பவரின் குறையைக் கேட்டார்கள், சிறு சிறு வழிகளைச் சொன்னார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. அவர்கள் கொண்டுபோனது பயிற்சியும் நேரமுந்தான்.

ஒரு மஹல்லா ஜமாஅத்தில் இதைத் தொடங்க என்ன செலவாகும்? இத்தகைய வீடு எத்தனை என்று பெண்கள் மூலம் கேட்டறிந்து, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார ஒருவரை அனுப்பினால், அந்த மருமகள் ஒரு திருமண வீட்டுக்குப் போய்வருவார், தம் பல்வலிக்கு மருத்துவரைப் பார்ப்பார், அல்லது உறங்குவார். வெளிநாட்டு மகன் விடுமுறையில் வரும்போது, முதல் வாரம் முழுவதும் இரவுப் பொறுப்பைத் தாமே ஏற்று, மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டும்.

உட்கார வருகிறவரிடம் வீட்டார் ஒரு தாளில் இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: அத்தாவை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பேச்சை எடுத்தால் கோபப்படுவார், எந்தச் சூராவை ஓதினால் உடன் ஓதுவார், மாத்திரை எப்போது, கழிப்பறை எந்தப் பக்கம், பின்வாசல் தாழ்ப்பாள் எங்கே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது. இல்லாத ஆளைக் காட்டிப் பேசினால் "யாருமில்லை" என்று வாதாட வேண்டாம், பேச்சை மாற்றினால் போதும் என்பதையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.